எண்ணெய் குடிக்காத காகிதம்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கடை அட்டை வேண்டாம், கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்வோம் என்று பேத்தியும் அவருமாக உட்கார்ந்தார்களாம். கடைக்காரர் ‘வெல்லம் பேப்பர்’ என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். பனி மூடிய கண்ணாடி மாதிரி, பார்க்க அவ்வளவு அழகு. ஜெல் பேனாவில் எழுதினால் அரை மணி கழித்தும் மை விரலில் ஒட்டியது. பசை தடவிய இடமெல்லாம் நத்தை ஊர்ந்த தடம். மடித்தால் வெள்ளைக் கோடு. ராத்திரி மேஜைமேல் வைத்த அட்டை காலையில் சுருண்டு படுத்திருந்தது. “இந்தத் தாளுக்கு என்மேல் என்ன கோபம்?” என்று முடித்திருக்கிறார்.

கோபமெல்லாம் இல்லை அம்மா. அந்தத் தாளின் சுபாவம் அப்படி. அதோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பெயர். இது பொங்கல் பானையில் போடும் வெல்லம் அல்ல. கன்றுக்குட்டித் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி எடுத்த எழுதுதோலுக்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயர். இன்று அந்தப் பெயரில் கைவேலைக் கடையில் கிடைப்பதில் தோலும் இல்லை, கன்றும் இல்லை, மரக்கூழ்தான். நம் ஊர் டிரேசிங் பேப்பரின் சற்றுத் தடித்த ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரேசிங் பேப்பர்தான் 1980களில் எனக்குச் சோறு போட்டது. பாசன வேலைகளுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் டிரேசர் உத்தியோகம். பென்சில் படத்தின்மேல் இந்தத் தாளை விரித்து, மைப்பேனாவால் கோடு மாற்ற வேண்டும். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டை இருந்தே ஆக வேண்டும். வியர்வை பட்ட இடம் அலை அலையாக எழும்பிவிடும். கோடு பிசகினால் ரப்பருக்கு வேலையில்லை. பாதி பிளேடால் மையைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் அடுத்த கோடு ஊறாமல் நிற்கும்.

இவ்வளவு நாள் கையாண்டும் ஒரு விஷயம் எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. இந்தத் தாள் ஒளி புகவிடுவதற்கு எண்ணெயோ மெழுகோ கண்ணாடிச் சமாசாரமோ சேர்த்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நல்ல டிரேசிங் தாளில் அப்படி எதுவும் வேண்டியதில்லை. அடிதான். மரக்கூழைத் தண்ணீரோடு போட்டு அடி, மேலும் அடி என்று நார் நாராகப் பிரியும்வரை அடிக்கிறார்கள். உளுந்தை ஆட்டும்போது ஒரு கட்டத்தில் பருப்பு போய் வெண்ணெய் மாதிரி மாவு வருமே, அந்தப் பதம். அப்படி அரைபட்ட நார்கள் காயும்போது ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன.

இடைவெளிக்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம்? கற்கண்டை எடுத்துப் பாருங்கள்; கட்டியாக இருக்கும்போது தெளிவு, இடித்தால் வெள்ளை. பொருள் மாறவில்லை, நடுவில் காற்று புகுந்துவிட்டது, அவ்வளவே. சாதாரணத் தாளிலும் ஒவ்வொரு நாருக்கும் இடையே காற்று. நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் தாவித் தாவி ஒளி நாலா பக்கமும் சிதறுவதைத்தான் நாம் வெள்ளை என்கிறோம். மழையில் நனைந்த வேட்டி மானத்தை வாங்குவதும் இதனால்தான்: காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொண்டது, ஒளி சிதறாமல் நேரே போகிறது. பஜ்ஜி வைத்த தாளில் எண்ணெய் இறங்கிய வட்டம் ஜன்னலாவதும் அதே கதை. எண்ணெய் செய்வதை டிரேசிங் தாளில் அடி செய்துவிடுகிறது.

காற்றுக்கே இடமில்லாத தாளில் மைக்கு ஏது இடம்? உங்கள் ஜெல் மை உள்ளே போக வழியில்லாமல் மேலேயே குளம் கட்டி நின்றது. எண்ணெயும் அப்படியே, உள்ளே போகாது. வெண்ணெய் பொதியும் ‘பட்டர் பேப்பர்’ இதே குடும்பம்.

இப்போது அந்த வெள்ளைக் கோடு. மடிக்கிற இடத்தில் ஒட்டியிருந்த நார்கள் பிரிகின்றன, விரட்டிய காற்று திரும்பி உள்ளே வருகிறது, வெளுக்கிறது. எங்கள் அலுவலகத்தில் டிரேசிங்கை மடிப்பது குற்றம். சுருட்டித்தான் வைக்க வேண்டும். படத்தின் அடியில் ரசாயனம் பூசிய தாளை வைத்து வெளிச்சம் காட்டி, அம்மோனியா புகையில் பிரதி எடுப்பார்கள். வெளிச்சம் தடைபட்ட இடமெல்லாம் பிரதியில் கோடாக விழும். ஒருமுறை நான் மடித்து வைத்த தாளில் பிரதி எடுத்தபோது, வயல்களுக்குக் குறுக்கே நேராக ஒரு மங்கல் கோடு. ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “ஏம்ப்பா, இந்த வாய்க்கால யாரு வெட்டச் சொன்னா?”

நான் திட்டு வாங்கிய அதே கோட்டை வேண்டுமென்றே போட்டு அட்டை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்ச்மென்ட் கிராஃப்ட் என்று பெயர். தென் அமெரிக்க நாடுகளில் வாழ்த்து அட்டைக்குச் செய்துவந்த கைவேலை. கொலம்பியாவிலிருந்து நெதர்லாந்துக்குப் போன மார்த்தா ஓஸ்பினா 1980களில் ‘பெர்காமானோ’ என்ற பெயரில் அதை ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். தாளைக் கவிழ்த்து மெத்தென்ற அட்டைமேல் போட்டு, முனையில் குண்டு வைத்த கம்பியால் மெல்லத் தேய்க்கிறார்கள். முதலில் சாம்பல் நிறம், பத்துத் தரம் தேய்த்தபின் பால் வெள்ளை. அவசரப்பட்டு அழுத்தினால் தாள் கிழியும். பெயின்ட் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் மல்லிகை இதழ் எழும்பி வரும்.

உங்களுக்கு அந்தக் கம்பி வேண்டாம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும், அடியில் பழைய மவுஸ் பேட். மடிப்பதற்குமுன் ஸ்கேல் வைத்து அதே பேனாவால் மடிப்புக் கோட்டைக் கீறிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வாட்டத்தில் மடிப்பது? மெஷினில் ஓடும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் பருக்குமே தவிர அவ்வளவாக நீளாது. அதனால் தாள் ஒரே பக்கமாகச் சுருள்கிறது. இரண்டங்குலச் சதுரம் வெட்டி, எந்த ஓரம் எது என்று குறித்து, உள்ளங்கையில் வையுங்கள். கைச்சூட்டு ஈரத்துக்கே பாய் மாதிரி சுருளும். அந்தச் சுருளின் நீளம் எந்தப் பக்கமோ அதுதான் நார் வாட்டம். மடிப்பு அதனோடு போக வேண்டும், குறுக்கே போனால் வெடிக்கும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

பசை வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்து, மடிப்பில் இரண்டு ஓட்டை போட்டு, பட்டு நூலால் கட்டிவிடுங்கள். பென்சிலோ பெர்மனென்ட் மார்க்கரோ எழுதும். ஜெல் பேனாதான் என்று பேத்தி அடம் பிடித்தால் எழுதியதை ஒரு ராத்திரி தொடாமல் விடச் சொல்லுங்கள். பள்ளிக்கூட ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடி, அம்மாவே ஒட்டி முடிக்கிற காலத்தில் மை காயக் காத்திருப்பது எந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது? பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே வாழ்த்து அட்டை பொறுக்கி, யாருக்கு எது என்று பட்டியல் போட்டு, உறையை ஒட்டாமல் செருகி புக் போஸ்டில் அனுப்பிய வீடுகள்தான் நம்முடையவை. இப்போது ஒரே படத்தை முந்நூறு பேருக்கு விரலால் தள்ளிவிடுகிறோம். வருகிற முந்நூறையும் பார்க்காமலே அழிக்கிறோம்.

எங்கள் அலுவலகம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது டிரேசிங் சுருள்களை எடைக்குப் போட்டார்கள். ஒவ்வொன்றும் ஒருவர் வாரக்கணக்கில் குனிந்து போட்டது. பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடையில் அவற்றில் ஒரு மதகுப் படத்தின் பாதியைப் பார்த்தேன். கடைக்காரர் நான் சொல்லாமலே அலுத்துக்கொண்டார்: “என்ன பேப்பரோ சார், எண்ணெயே இழுக்க மாட்டேங்குது. வாங்குறவங்க சட்டையில ஊத்துது.” மறுநாள் அவர் செய்தித்தாளுக்கே திரும்பிவிட்டார். அது இன்னும் மோசம், அச்சு மை வயிற்றுக்கு ஆகாது.

அட்டையை அனுப்பும்போது இருபக்கமும் கெட்டி அட்டை கொடுத்து, சாதாரணக் காகித உறையில் போட்டு, விலாசத்தை உறைமேல் எழுதுங்கள். வெல்லம் பேப்பரிலேயே உறை செய்துவிடப் போகிறீர்கள். தபால் முத்திரை காயாமல் அண்ணன் வீட்டு எண்ணையும் சேர்த்து இழுக்கும். சுருண்டுபோன முதல் அட்டையை எறிய வேண்டாம். உள்ளங்கைச் சோதனைக்குப் பேத்திக்குப் பத்துச் சதுரமாவது தேறும்.