ஜிம்முக்குப் போகாமலே ஜம்மென்று இருக்கலாம்!

"டாக்டர், ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. உடம்பு இளைக்க ஏதாவது லேகியம் கொடுங்களேன்!" என்று கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அசையாத உடம்பை ஆரோக்கியமாக வைத்திருக்கும் லேகியம் சித்த மருத்துவத்தில் கிடையாது. வேறெந்த மருத்துவத்திலும் கிடையாது. ஆனால், உடம்பு அசைவதற்கு ஜிம்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் வீடும், மாடிப்படியும், தெருவுமே போதும்.

அம்மி செய்த வேலை

நம் பாட்டிமார்கள் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்ததில்லை. அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தார்கள். தோள், முதுகு, தொடை எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. இன்று மிக்ஸி, கிரைண்டர், லிஃப்ட், ஸ்கூட்டர் என்று எல்லாம் வந்துவிட்டது. இவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இவை பிடுங்கிக்கொண்ட அசைவை வேறு வழியில் உடம்புக்குத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன்.

'அன்றாட வேலையில் அவ்வளவு பலன் இருக்கா?' என்று சந்தேகம் வரலாம். லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் 1953-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, இரட்டை மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது!

எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும். அதாவது, தினம் 30 நிமிடம் வீதம் 5 நாள். ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். காலையில் 10, மதியம் 10, இரவில் 10 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

'நான்தான் நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே?' என்று இல்லத்தரசிகள் கேட்பது நியாயம்தான். ஆனால், அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தால் கால்தான் வலிக்கும், அது பயிற்சியாகாது. குனிந்து நிமிர்ந்து வீடு துடைப்பது, மாடிக்குத் துணி தூக்கிப் போவது, வேகமாக நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவது போன்றவை கணக்கில் சேரும். அடையாளம் இதுதான்: மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச முடியணும், பாட முடியக் கூடாது.

சாப்பிட்டதும் குறுநடை

உண்டபின் சிறிது நடக்க வேண்டும் என்று சித்தர் தேரையர் தமது பிணியணுகா விதியில் சொல்லியிருக்கிறார். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துவதால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. இரவு சாப்பிட்டதும் டி.வி. முன் சாயாமல் 10 நிமிடம் நிதானமாக நடங்கள். மொட்டைமாடி போதும்.

வீட்டிலேயே மூன்று பயிற்சிகள்

நாற்பது வயதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும். எழுபது வயதில் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடப்பதற்கு இப்போதே தொடைத் தசையைச் சேமிக்க வேண்டும். இந்த மூன்றையும் வாரத்தில் இரண்டு நாளாவது செய்யுங்கள்.

1. நகராத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் முதலில் கையை ஊன்றியே செய்யலாம்.

2. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். இதுவும் 10 முறை.

3. பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில், மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஆடுசதை சுருங்கும்போது காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதால், ரொம்ப நேரம் நிற்பவர்களுக்கு இது நல்லது.

ஆபீசில் இருப்பவர்கள் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, நாலு அடி நடந்துவிட்டு உட்காருங்கள்.

கவனிக்க வேண்டியவை

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் குந்தி உட்காருவதையும், அதிகம் படி ஏறுவதையும் தவிர்த்து, சமதரையில் நடக்கட்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. செருப்பில்லாமலும் நடக்கக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவும். நடக்கும்போது நெஞ்சுவலியோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று கஷாயம் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. இன்று ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். அதுதான் முதல் வேளை மருந்து!