நின்றுபோன ஆலையின் கணக்கு

துறையூரிலே அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வந்து குவியும் பருவம். அரிசி ஆலை ஒன்றில் பேரிங் தேய்ந்து அரவை இயந்திரம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க் கடையில் அந்த அளவு கிடைக்கவில்லை. 40 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருச்சிராப்பள்ளிக்கு ஆளனுப்பி வாங்கிவர இரண்டு நாள் கழிந்துவிடுகிறது. பேரிங்கின் விலை 1,000 ரூபாய்; பொருத்திய ஃபிட்டருக்குக் கூலி 800 ரூபாய். செப்பனிட்ட செலவு 1,800 ரூபாய் என்று உரிமையாளர் பேரேட்டில் எழுதி முடிக்கிறார்.

மாணவ நண்பர்களே, இக்கணக்கு முடிந்துவிட்டதா? மின்கட்டணம் போக நாளொன்றுக்கு 4,000 ரூபாய் தரும் ஆலை அது என்றால், வராமற்போன தொகை 8,000 ரூபாய். ஆட்களின் கூலி அதிலிருந்தே வரவேண்டியது. இப்போது கையிலிருந்து போகிறது. எழுதிய செலவைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நட்டம் பேரேட்டில் ஏறவே இல்லை.

அப்படியானால் எல்லா உறுப்புகளையும் முன்னரே வாங்கி அடுக்கிவிடலாமே எனத் தோன்றும். அது மற்றொரு தவறு. அலமாரியில் கிடக்கும் உறுப்பு உறங்கும் பணம். இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர்ப் பட்டை விறைத்து வெடிக்கும். ஆகவே, விலையைப் பார்க்குமுன் மூன்று செய்திகளைப் பார்க்கவேண்டும்: இது எத்தனை மாதத்திற்கு ஒருமுறை தேய்கிறது, வந்துசேர எத்தனை நாளாகும், இது பழுதானால் முழு ஆலையும் நிற்குமா? அந்த 1,000 ரூபாய்ப் பேரிங் மூன்றிலும் தேறிவிடும்.

முதற் கேள்விக்கு விடை சொல்லப் பழுது பார்த்த நாளையும், மாற்றிய உறுப்பையும், ஆன நேரத்தையும் குறித்த ஏடு வேண்டும். சிறு ஆலைகளில் அந்த ஏடு பெரும்பாலும் ஃபிட்டரின் நினைவிலேதான் இருக்கிறது. அவர் சோம்பி நிற்கிறார் என்று கடிந்துகொள்வோர் உண்டு. அவர் நிற்பது பல வேளைகளில் பொருளுக்காகவே.

இருப்புப் பாதை எட்டாத துறையூரிலிருந்து இரயில் எஞ்சின்களுக்கே மருத்துவம் பார்க்கும் பொன்மலைக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் தொழிற்கூடம் 1928-ஐ ஒட்டி அங்கு மாற்றப்பட்டது. வேலைகளை ஓரிடத்தில் திரட்டினால் ஆட்செலவு குறையும் என்பது கம்பெனியின் கணக்கு. திறன் தேர்வு வைத்து ஆட்குறைப்புச் செய்ய முற்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அது ஒடுக்கப்பட்டது, சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறை சென்றனர். ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் ஏட்டில் தெரிகிறது. கொதிகலனின் ஓசை கேட்டே குறையறியும் அவருடைய பழக்கத்திற்கு ஏட்டில் பத்தி இல்லை. பத்தி இல்லாததைக் குறைப்பது கணக்கருக்கு எளிது.

அத்தகைய பழக்கத்தின் பெறுமதி நீலகிரி மலை இரயிலில் தெரிந்தது. பற்சக்கரத்தால் மலையேறும் அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவை தேய்ந்தபோது, உறுப்புக் கேட்டு எழுதக் கடை ஏது? உலகெங்கும் நீராவி எஞ்சின் தொழில் அருகிவிட்டிருந்தது. 2010-க்குப் பிறகு, டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்த்துவந்த பொன்மலைத் தொழிற்கூடமே அம்மலைப்பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தது. முதலில் எண்ணெயால் எரிபவை; 2021-இல் நிலக்கரியால் எரிவதும் ஒன்று. பழுதுபார்த்துப் பழகிய கைகளே அவற்றைப் படைத்தன.