பட்டன் புதுசு, டயர் பழசு: கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர் வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

குளிர்காலம் வந்தாலே டெல்லியில் பழைய கார்களின் சீசன் தொடங்கிவிடும். தி ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை நடத்தும் விண்டேஜ் கார் பேரணி 1964-ல் தொடங்கியது. மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட அணிவகுப்புகள் உண்டு. பெயிண்ட் பளபளக்கும், குரோமில் முகம் தெரியும், பானெட்டைத் திறந்தால் இன்ஜினில் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. இவ்வளவு செலவு செய்த உரிமையாளரிடம் "டயர் எந்த வருஷத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இப்படித்தான் வரும்: "பட்டன் அப்படியே இருக்கு சார், ஓடவே இல்லையே."

ஓடாததுதான் இங்கே பிரச்னையே. தினமும் ஆபீஸுக்குப் போகிற காரின் டயர் தேய்ந்து சாகும். வருஷத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிற காரின் டயர் நின்ற இடத்திலேயே சாகும். முதலாவது கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது.

சைடுவாலில் இருக்கும் அந்த நாலு இலக்கம்

டயரின் சைடுவாலில் 'டாட்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். மூன்றே இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முன் செய்தது. அதைப் பற்றி மேலும் யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். ஒரு பக்கத்தில் தேதி இல்லையென்றால் டயரின் உள்பக்கச் சுவரில் இருக்கும், காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்கணும்.

ரப்பரில் வெடிப்பு வராமல் காக்க, செய்யும்போதே மெழுகும் வேறு சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் அந்த மெழுகு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து ஒரு படலமாகப் படியும். ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கிற காரில் இது நடப்பதில்லை. ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைக் கெட்டியாக்கிக்கொண்டே போகின்றன. வட இந்தியக் கோடையில் தகர ஷெட்டுக்குள் இருக்கும் சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். பட்டனின் ஆழம் குறையாமலே பிடிமானம் போய்விடும். உள்ளே இருக்கும் அடுக்குகளும் ஒன்றை ஒன்று விட ஆரம்பிக்கும்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30-ல் கலிபோர்னியாவில் இறந்த விபத்து பலருக்கு நினைவிருக்கும். அவர் பயணித்தது 2005-ம் ஆண்டு போர்ஷே கரேரா ஜிடி, ஓட்டியவர் அவருடைய நண்பர். அதிவேகம்தான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் பதிவானது: காரின் டயர்களுக்கு 9 வயது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள, பார்த்துப் பார்த்து வைத்திருந்த கார் அது. அதிலேயே இந்த நிலை.

எத்தனை வருஷம் தாங்கும்? மிச்சலின் நிறுவனம் சொல்வது: 5 வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நிபுணரிடம் காட்டுங்கள், எப்படி இருந்தாலும் 10 வருஷத்தில் மாற்றிவிடுங்கள். நம் வெயிலுக்கு, அதிலும் வேகமாகப் போகக்கூடிய காருக்கு, 6-7 வருஷத்திலேயே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். அதில் 20 வருஷத்துப் பழசு கிடப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, எந்த டயர் வாங்குவது?

ஒரு காரை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் புரியும். பிரிட்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டரை வைத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் இன்ஜின், உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பல கார்களில் கம்பிகள் பின்னிய 14 அங்குல ஸ்போக் வீல். ஆரம்பத்தில் கிராஸ்பிளை டயரோடு வந்தது, பிறகு 155, 165 அகலத்தில் ரேடியல் டயர்கள் வந்தன. பழைய கையேட்டில் 165எஸ்ஆர்14 என்று இருக்கும். 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஆர் என்றால் ரேடியல், 14 என்பது ரிம் அளவு. உயர விகிதத்தைத் தனியாக எழுதும் பழக்கம் அப்போது கிடையாது, ஏறத்தாழ 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, இன்றைய கணக்கில் அது 165/80 ஆர்14. இந்த அளவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களின் ஆரம்ப வேரியன்ட்களில் வருவது இதே அளவுதான். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சிறப்புக் கடைகளில் தேடி வாங்குகிற அளவு, நம் ஊரில் எந்த டயர் கடையிலும் கிடைக்கிறது. சைடுவாலில் 85டி என்று இருந்தால் ஒரு டயர் 515 கிலோ எடை தாங்கும், 190 கிலோமீட்டர் வேகம் தாங்கும். ஒரு டன்னுக்கும் குறைவான எம்ஜிபிக்கு இது தாராளம். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே அதிர்ஷ்டம்: 145 அகலம், 13 அங்குலம் என்றால் ஆல்ட்டோ கே10 டயரின் அளவு. (ஸ்பிட்ஃபயரின் சேசிஸ், ட்ரையம்ப் ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கிச் செய்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தார்கள்.)

'ஸ்விஃப்ட் டயரையா போடுவது?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழைய டிசைன் பட்டன் இருக்காது, போட்டோவில் அழகு குறையும், உண்மைதான். ஆனால் போன வருஷம் செய்த சாதாரண டயர், 12 வருஷம் கிடங்கில் கிடந்த 'ஒரிஜினல்' டயரை விட ஈரச் சாலையில் நன்றாகவே நிறுத்தும்.

அகலமா போட்டா நல்லாத்தானே இருக்கும்?

கடையில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். 195/60 ஆர்14 போட்டால் கார் 'கெத்தா' இருக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 195/60 என்றால் 590 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 95-ல்தான் போகும். நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையில்லாமல் கத்தும். கார் 15 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஏற்கெனவே சைலன்சர் தரையைத் தொடுகிற மாதிரி இருக்கும் காருக்கு, நம்மூர் ஸ்பீட் பிரேக்கரில் அந்த 15 மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

அதைவிட முக்கியம், காரின் சுபாவம் மாறிவிடும். அந்தக் காலத்து சஸ்பென்ஷனை அமைத்தவர்கள் ஒல்லியான, உயரமான சைடுவால் கொண்ட டயரை மனதில் வைத்துத்தான் அமைத்தார்கள். அப்படிப்பட்ட டயர் வளைவில் மெதுவாக வழுக்கும், முன்கூட்டியே கையில் சொல்லிவிடும். அகல டயர் கடைசி வரை பிடித்துக்கொண்டு திடீரென விடும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் பார்க்கிங் செய்யும்போது கை வலி வேறு. கூடுதல் பிடிமானத்தின் சுமை முழுவதும் 60 வருஷத்து ஸ்போக்குகளிலும் வீல் பேரிங்கிலும்தான் போய் விழும்.

நடுவழி ஒன்று இருக்கிறது: 185/70 ஆர்14. விட்டம் சுமார் 615, ஒரிஜினலுக்கு மிக அருகில். எம்ஜிபிக்காரர்கள் பலர் இதைப் போடுகிறார்கள். ஆனால் 4 அங்குல அகல ரிம்மில் இது உட்காராது, குறைந்தது நாலரை வேண்டும். சில கார்களில் பின்பக்கம் ஒரு ஓரம் ஃபெண்டரில் உரசும். உரசுகிறதே என்று ஃபெண்டரை வெட்டிவிடாதீர்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளில், 50 வயதைத் தாண்டிய கார் 'விஏ' வரிசைப் பதிவு பெற வேண்டுமென்றால் சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. டயருக்காகப் பாடியில் கைவைத்தால் பதிவுக்கே சிக்கல் வரலாம்.

ஒரே எண், வேறே டயர்

அளவை மட்டும் சொல்லி டயர் கேட்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஜாகுவார் எக்ஸ்கே120 காரின் டயர் அளவு 6.00-16. நம் நாட்டில் எந்தச் சின்ன ஊரிலும் 6.00-16 கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஏனென்றால் அது டிராக்டரின் முன் டயர் அளவு! மணிக்கு 30-40 கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்தது. எக்ஸ்கே120 என்ற பெயரில் இருக்கும் 120-ஓ மைல் கணக்கு, அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல். ரிம்மில் கச்சிதமாக உட்காரும், காற்றும் நிற்கும், ஆனால் சாலையில் அது ஆபத்து. எனவே அளவுக்குப் பிறகு வரும் வேக எழுத்தையும் எடைக் குறியீட்டையும் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். எஸ் 180, டி 190, ஹெச் 210, வி 240 கிலோமீட்டர் என்பது கணக்கு.

ஜாகுவார் இ-டைப் மாதிரியான, உண்மையிலேயே வேகமான காருக்கு ஸ்விஃப்ட் டயர் வித்தை பலிக்காது. 15 அங்குலத்தில், வி குறியீட்டில், உயரமான சைடுவாலோடு வேண்டும். பிரெல்லி, மிச்சலின் போன்ற நிறுவனங்கள் பழைய டிசைனில், இன்றைய ரப்பரில் இப்படிப்பட்ட டயர்களைச் செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான் தலைவலி. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. காருக்கான டயருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்றும் கட்டாயம். ஆர்டர் போடுவதற்கு முன்பே சுங்க ஏஜென்ட்டிடம் அன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள். துறைமுகத்தில் ஒரு வருஷம் கிடந்தால் டயருக்கும் ஒரு வயது கூடும்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று?

பட்ஜெட் காரணமாக ரெண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் கவனிக்க. முன்னால் ரேடியல், பின்னால் பழைய கிராஸ்பிளை என்ற சேர்க்கை கூடவே கூடாது. வளைவில் முன்பக்கம் கெட்டியாகப் பிடிக்கும், பின்பக்கம் முதலில் வழுக்கும், கார் சுற்றிவிடும். ஒரே ஆக்ஸிலில் ரெண்டு வகையையும் கலப்பது அதைவிட மோசம். நாலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது

'எல்லாம் டியூப்லெஸ்தான் சார், டியூப் எதுக்கு?' என்று கடையில் சொல்வார்கள். பழைய ஸ்போக் வீலில் ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அந்த ஓட்டைகள் வழியே காற்று போய்விடும். எனவே டியூப் கட்டாயம், அதுவும் ரேடியலுக்கான, சரியான அளவு டியூப். ஸ்போக் முனைகள் குத்தாமல் இருக்க ரிம் டேப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். புது டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் பேப்பர் ஸ்டிக்கரைக் கட்டாயம் உரித்துவிடணும். அதன் ஓரம் டியூபை அரித்தே ஓட்டை போட்டுவிடும்.

பேலன்சிங் மெஷினில் ஸ்போக் வீலைச் சாதாரண வீல் மாதிரி மாட்டினால் மையம் தவறும். ஹப்பின் ரெண்டு பக்கமும் கூம்பு வைத்துப் பிடிக்கணும். அந்தக் கூம்பு இல்லாத கடையில் பேலன்சிங் செய்வது வீண்.

காற்று அழுத்தம் இன்னொரு பழக்க தோஷம். எந்தக் காரானாலும் பெட்ரோல் பங்கில் 33, 35 என்று அடித்து அனுப்பிவிடுவார்கள். எம்ஜிபி கையேட்டில் ரேடியலுக்கு முன்பக்கம் 21, பின்பக்கம் 24 பிஎஸ்ஐ. எடை குறைந்த காரில் 35 அடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும், பட்டனின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அந்த 3 பிஎஸ்ஐ வித்தியாசத்தையும் விட்டுவிடாதீர்கள்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 200 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். ஸ்போக் வீல் என்றால் 40-50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, நடுவில் இருக்கும் நாக்-ஆஃப் நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்கம் பாருங்கள். சுத்தியல் வீட்டு அலமாரியில் இருந்தால் பிரயோஜனமில்லை, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கணும்.