தீண்டாமையைக் கணக்கில் எழுதிய பேராசிரியை

எட்டயபுரம்: பதினொன்றாம் வகுப்பில் அணிகள் பாடம் நடக்கும்போது, "இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்காத மாணவர் குறைவு. தீண்டாமையையும் கூலி மக்களின் துயரத்தையும் அந்த அணிகளில் எழுதிக் காட்டியவர், சென்னை ஐ.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியையாகப் பணியாற்றிய டபிள்யூ.பி. வசந்தா கந்தசாமி.

இயற்கணிதம் அவரது துறை. ரசாயன, சிமெண்ட் ஆலைகளின் சிக்கல்களுக்கு ஃபஸ்ஸி கணிதத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கும் வழிகாட்டினார். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டுக்கும் நடுவில் இருப்பதையும் அளக்கும் இந்தக் கணிதத்தை 1965-ல் லோட்ஃபி ஸாடே அறிமுகப்படுத்தினார்.

நம் கரிசல் காட்டையே எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்தால் கடன் கூடும். கடன் கூடினால் பிள்ளை தீப்பெட்டி வேலைக்குப் போகும். வேலைக்குப் போனால் படிப்பு நிற்கும். ஒன்று மற்றொன்றைக் கூட்டினால் 1, குறைத்தால் -1, தொடர்பில்லை என்றால் 0. இந்த எண்களை அணியாக எழுதி, 'மழை இல்லை' என்பதில் தொடங்கிப் பெருக்கிக்கொண்டே போனால், மூன்றாம் பெருக்கலில் 'படிப்பு நின்றது' என்று வரும். கல்வி உதவித்தொகையையும் சேர்த்து, அது படிப்பு நிற்பதைக் குறைக்கும் என்று -1 போட்டால், அந்த விடை வராது. எந்த இடத்தில் கைகொடுத்தால் பிள்ளை பள்ளியில் தங்கும் என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது.

'சொல்லத் தெரியவில்லை' என்ற பதிலுக்கும் நியூட்ரோசோபிக் முறையில் தனிக் குறியீடு உண்டு. சாதி அவமானம் பற்றிக் கேட்டால் பலர் வாயடைத்து நிற்பார்கள். அந்த மவுனத்தையும் பூஜ்யம் என்று தள்ளிவிடாமல் பதிவு செய்யலாம்.

இவ்வழியில் தமிழகக் கிராமங்களிலிருந்து பிழைக்கப் போய் எச்.ஐ.வி.க்கு ஆளான தொழிலாளர்களைப் பற்றி 2004-லும், தீண்டாமை குறித்த பெரியாரின் கருத்துகளைப் பற்றி 2005-லும் அவரும் இணை ஆசிரியர்களும் நூல்கள் வெளியிட்டனர்.

ஐ.ஐ.டி.க்குள் சமூகநீதிக்காகவும் அவர் நீண்டகாலம் போராடினார். அந்தப் போராட்டத்துக்காகவும் கணிதப் பணிக்காகவும் தமிழக அரசு 2006 சுதந்திர தினத்தன்று கல்பனா சாவ்லா விருது வழங்கியது. தங்கப் பதக்கமும் 5 லட்சம் ரூபாயும் கொண்டது அவ்விருது. பின்னர் வேலூர் வி.ஐ.டி.யிலும் பணியாற்றினார்.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2019-ல் தனிச்சட்டம் வந்துள்ளது. சட்டம் இடத்தைத் தரும். அதில் போய் உட்கார ஆள் வேண்டும். பி.எஸ்சி. கணிதம் முடித்தவுடன் நின்றுவிடாமல் எம்.எஸ்சி., முனைவர் பட்டம் என்று நம் பிள்ளைகள் தொடர வேண்டும். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. நம் தெருவின் கணக்கை அந்தத் தெருவில் பிறந்தவர்களே போடும் காலம் வரவேண்டும்.