‘பதனிடப்பட்டது’ – யாரால்?

ஆம்பூர்த் தோழர் ஒருவர் தன் கதையைக் கொடுத்து, “படிச்சுட்டு சொல்லுங்க” என்றார். முதல் பத்தியிலேயே நாற்றம், பாலாறு, நுரை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மூக்கு யாருடையது? தோல் ஷாப்பில் இருபது வருஷம் கிடந்தவருக்கு அந்த வாடை உறைப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காரும்போதுதான் உறைக்கிறது. தோழர் தன்னையறியாமல் அந்த சீட்டுக்காரரின் இடத்திலிருந்து எழுதிவிட்டார். பார்வைக்கோணம் என்பதை வெறும் உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கே அது சாதிப் பிரச்சினையும்தான்.

‘நாற்றம்’ என்ற சொல்லையும் அதன் சொந்தபந்தங்களையும் விலக்கிவிட்டு ஒரு பக்கம் எழுதிப்பாருங்கள். அப்போது கை தெரிய ஆரம்பிக்கும். உப்புத்தோலை ஊறப்போடுகிற கை, சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுக்கிற கை, மயிர் களைந்து சதை சீவுகிற கை, டிரம்மிலிருந்து நீலம் பாய்ந்து வருகிற தோலை அடுக்குகிற கை. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை குரோமில் ஏறக்குறைய ஒரு நாளில் முடிகிறது. அந்த வேகம் உங்கள் வாக்கியத்தில் ஏறியிருக்கிறதா?

அடுத்து வினைச்சொல். ‘தோல் பதனிடப்பட்டது’, ‘ஆறு மாசுபட்டது’ என்று அறிக்கை பாஷையில் எழுதுகிறோம். இந்தப் ‘படு’ செய்தவனை ஒளித்துவைக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றது. சட்டத்திலாவது எழுவாய் வந்துவிட்டது (வசூலானதா என்பது வேறு கதை). உங்கள் கதையில் ‘பட்டது’ வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு ஆளைப் போடுங்கள். முதலாளியா, மேஸ்திரியா, ஷூ கேட்கிற வெளிநாட்டுக் கம்பெனியா, ராத்திரியில் மோட்டாரைத் தட்டிவிட்ட நம்மாளா? இந்தக் கடைசி ஆளை எழுதத்தான் தோழர்களுக்குக் கை வருவதில்லை.

டி. செல்வராஜின் ‘தோல்’ (சாகித்ய அகாதெமி, 2012) திண்டுக்கல் தொழிலாளிகளின் நாவல். இந்தப் பக்கத்து வாழ்க்கையைப் பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவன் எழுதியிருக்கிறார். எழுத இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. உருதும் தெலுங்கும் கலந்த இங்கத்திய கூலிப்பேச்சு ஒன்றே போதும்.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சாயங்காலத்தை எழுதுங்கள், சுவர் உடைவதற்கு முன்னாடியே நிறுத்திவிடுங்கள் என்றேன்.

“சுவரை விட்டுட்டா கதை எங்க இருக்கு?” என்றார் தோழர்.

“அன்னைக்கு சோறு யார் ஆக்கினாங்கன்னு மொதல்ல எழுதுங்க.”