சின்ன வெங்காயம்: பட்டறையில் கெடாமல் காப்பது எப்படி?

தமிழகத்தில் திருப்பூர், திண்டுக்கல், பெரம்பலூர், நாமக்கல், திருச்சி, தென்காசி ஆகிய மாவட்டங்களில் சின்ன வெங்காயம் பெருமளவில் சாகுபடி செய்யப்படுகிறது. வைகாசியில் நட்ட வெங்காயம் ஆடி, ஆவணியிலும், ஐப்பசியில் நட்டது மார்கழி, தையிலும் அறுவடைக்கு வருகிறது. எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சமயத்தில் காய் எடுப்பதால் விலை சரிவது வழக்கம். ஆகவே விவசாயிகள் காயைப் பட்டறை போட்டு இருப்பு வைக்கிறார்கள். அடுத்த பட்டத்துக்கான விதைக் காயும் அதே பட்டறையில்தான் இருக்கிறது. பட்டறை அழுகினால் விலையும் போய், விதையும் போய், விதைக்காகப் புதிதாகக் கடன் வாங்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

"பட்டறை சரியில்லை" என்று பலர் குறைபட்டுக் கொள்வதுண்டு. ஆனால் காய் எத்தனை நாள் தாங்கும் என்பது பெரும்பாலும் பட்டறைக்கு வரும் முன்பே, தோட்டத்திலேயே முடிவாகி விடுகிறது.

வெங்காயத்தின் இயல்பு

அறுவடைக்குப் பின்னும் வெங்காயம் உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கிறது, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகிறது. இந்த வெப்பமும் ஈரமும் குவியலுக்குள் தங்கினால் அழுகலும் கரும்பூசணமும் பரவும். பீட்ரூட், கேரட் போன்ற கிழங்குக் காய்கறிகளுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் தேவை. வெங்காயத்துக்கு உலர்ந்த காற்று தேவை.

காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதமும், வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடும் இருந்தால் வெங்காயம் நன்கு தாங்கும். 10 முதல் 20 டிகிரி வரையிலான மிதமான குளிரில் அது விரைவில் முளைத்து விடும். எனவே மற்றக் காய்கறிகளுக்கான குளிர்ந்த அறையில் வெங்காயத்தை வைப்பது பயன் தராது. காற்றோட்டமுள்ள ஓலைப் பட்டறையே சிறு விவசாயிக்கு ஏற்றது.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

தழைச்சத்து உரத்தைக் காலம் கடந்து இடலாகாது. நட்ட 30ஆம் நாள் ஏக்கருக்கு 12 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 26 கிலோ யூரியா மேலுரமாக இட்டால் போதும். அதற்குப் பின் யூரியா இட்டால் காய் பருத்துத் தோன்றும். ஆனால் கழுத்து தடித்து, காயாமல் நிற்கும். அழுகல் கிருமி உள்ளே நுழையும் வாசல் அந்தக் கழுத்துதான். அடியுரத்தில் சாம்பல் சத்தைக் குறைக்காமல் இடுவது நல்லது.

அறுவடைக்குப் 10 நாள் முன்பே தண்ணீர் கட்டுவதை நிறுத்தி விட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட தாள்கள் தாமாகச் சாய்ந்து, மஞ்சளாகத் தொடங்கியதும் காயைப் பிடுங்கலாம். அவசரப்பட்டுப் பச்சைத் தாளோடு பிடுங்கிய காய் பட்டறைக்கு ஆகாது. அறுவடையின்போது மழையில் நனைந்த காயையும் உலர்த்தி உடனே விற்று விடுவதே உத்தமம்.

உலர்த்தும் முறை

பிடுங்கிய காயை வயலிலேயே வரிசையாகப் பரப்ப வேண்டும். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி வைத்தால் நேர் வெயில் பட்டுக் காய் வெந்து போகாது. இவ்வாறு 3, 4 நாட்கள் காய்ந்தபின் நிழலில் ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரை மெல்லிய அடுக்காகப் பரப்பி ஆற விட வேண்டும்.

காய் உலர்ந்ததை அறிய எளிய சோதனை உண்டு. கழுத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து உருட்டிப் பார்க்கவும். உள்ளே வழுக்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். கழுத்து இறுகி, மேல்தோல் சரசரவென்று ஒலித்தால் காய் பட்டறைக்குத் தயார். தாளை அறுப்பதானால் ஓர் அங்குலக் கழுத்தை விட்டே அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் அழுகலுக்கு வழி திறந்து விட்டதாகும்.

பிறகு தரம் பிரிக்கவும். கழுத்து தடித்தவை, பூந்தண்டு விட்டவை, வெட்டுப்பட்டவை, தோல் உரிந்தவை ஆகியவற்றை நீக்கி உடனே விற்று விட வேண்டும். ஒரு கூடை அழுகல் காய் ஒரு பட்டறையையே கெடுக்கும்.

பட்டறை அமைப்பு

மேட்டுப்பாங்கான, தண்ணீர் தேங்காத, தடையின்றிக் காற்று வீசும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். ஒற்றை வரிசைப் பட்டறையின் நீளவாட்டம் வடக்கு தெற்காக இருந்தால் மேல்காற்று குவியலின் குறுக்கே புகுந்து வெளியேறும். கல் அடுக்கி, அதன் மேல் இடைவெளி விட்டு மூங்கில் அல்லது மரக்குச்சிகளைப் பரப்பித் தளம் அமைக்கவும். தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருப்பது நல்லது. அடிக்காற்று இல்லாத பட்டறையில் கீழ் அடுக்குதான் முதலில் கெடும்.

அகலம் 4 அடிக்குள் இருக்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் காய்களுக்கு இடையே சந்து குறைவாதலால், குவியல் உயரமும் 3 முதல் 4 அடிக்குள் இருப்பதே நல்லது. பக்கங்களை மூங்கில் தட்டியால் அடைக்கலாம். கூரைக்குத் தென்னங்கீற்றோ பனையோலையோ ஏற்றது. சாரல் அடிக்காதவாறு கூரையை இரு புறமும் நன்கு நீட்டி விடவும். தார்ப்பாயை மழை பெய்யும்போது மட்டும் போட்டு, மழை விட்டதும் எடுத்து விட வேண்டும். தார்ப்பாயால் மூடியே வைத்த பட்டறை உள்ளே வியர்த்து அழுகி விடும்.

15 நாளுக்கு ஒரு முறை பட்டறையைச் சோதித்து, கெட்ட காயைப் பொறுக்கி எடுக்கவும். அழுகல் வாடையோ, கையை விட்டால் கதகதப்போ தெரிந்தால் அந்தப் பகுதியைப் பிரித்து ஆற விட வேண்டும். உணவுக்கு விற்கும் காயின் மேல் பூச்சிமருந்துத் தூள் எதையும் தூவலாகாது.

விதைக் காய்

அடித்தாள் அழுகல் நோய் கண்ட பாத்தியிலிருந்து விதைக் காய் எடுக்கலாகாது. நடுத்தர அளவுள்ள, நோயற்ற காயைத் தனிப் பட்டறையில் வைக்கவும். ஏக்கருக்கு 600 கிலோ விதைக் காய் தேவை. 30 சதம் குறையும் என்று வைத்துக் கொண்டால், சுமார் 860 கிலோ இருப்பு வைத்தால்தான் நடவின்போது 600 கிலோ கையில் நிற்கும். இது இயலாதவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 ரகத்தை விதை மூலம் பயிரிடலாம். அதற்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 1 கிலோ விதை போதும்.

எப்போது விற்பது?

கிலோ 20 ரூபாய்க்கு விற்கக் கூடிய 1000 கிலோ காயை ஒருவர் இருப்பு வைக்கிறார் என்று கொள்வோம். எடை 30 சதம் குறைந்தால் மிஞ்சுவது 700 கிலோ. அது கிலோ 28 ரூபாய் 57 காசுக்கு விற்றால்தான் முன்பு கிடைத்திருக்கக் கூடிய 20,000 ரூபாய் கிடைக்கும். பட்டறைச் செலவும், கூலியும், கடன் வட்டியும் இதற்கு மேல். எடை இழப்பை 15 சதமாகக் குறைத்தால் கிலோ 23 ரூபாய் 53 காசே போதும். பக்குவமாக உலர்த்துவதன் இலாபம் இதுதான்.

விலை என்பது விவசாயியின் கையில் இல்லை. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் ஆகிய மாதங்களில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இத்தகைய அறிவிப்புகள் முன்கூட்டிச் சொல்லிக் கொண்டு வருவதில்லை. ஆகவே நகைக்கடன் தவணையை இருப்புக் காயை நம்பித் தள்ளிப் போட வேண்டாம். கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் தேவையான அளவை அறுவடையிலேயே விற்று விட்டு, நன்கு உலர்ந்த, தரமான காயை மட்டும் இருப்பு வைத்து, பகுதி பகுதியாக விற்பதே பாதுகாப்பானது.

வெங்காயச் சேமிப்புக் கிடங்கு அமைப்பதற்கான அரசு மானிய விவரத்தை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறியலாம். கிடங்கு எதுவாயினும், தண்ணீரை உரிய நாளில் நிறுத்தி, கழுத்து உலரும் வரை பொறுத்திருக்கும் விவசாயியின் காயே நெடுநாள் தாங்கும்.