உளப்பகுப்பாய்வில் உணர்வுப் பெயர்ச்சி: ‘டோரா’வை முன்வைத்துச் சில குறிப்புகள்

உளமருத்துவரை நாடிச் செல்வோர் சில கிழமைகளுள்ளேயே அவர்மீது ஆழ்ந்த பற்றோ காதலோ, சிலவேளை கடும் பகையோ கொள்வதுண்டு. இளமையிலே தாய் தந்தையர் முதலானோர்பாற் கொண்ட உணர்ச்சிகள் மருத்துவர்மீது ஏற்றப்படுவதாக இதனை விளக்கினார் சிக்மண்ட் பிராய்ட். அவர் வழங்கிய ஜெர்மன் சொல்லை நாம் இங்கு உணர்வுப் பெயர்ச்சி என ஆள்கின்றோம். உளப்பகுப்பாய்வு முழுவதையும் பூர்ஷ்வாச் சரக்கென ஒரே வீச்சில் ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஒரு கோட்பாட்டின் வர்க்க வரம்பைக் காட்டுவதற்கும் முதலில் அதனைக் கற்றாக வேண்டும்.

நோயாளியின் காதலைத் தமது கவர்ச்சிக்குக் கிட்டிய வெற்றியாக மருத்துவர் கருதலாகாது. அது சிகிச்சைச் சூழல் தோற்றுவித்தது என்று 1915இல் பிராய்ட் எழுதினார். அதற்கு இணங்கவும் கூடாது, அதனை அதட்டி அடக்கவும் கூடாது. எனினும் அக்காதல் போலியென அவர் கூறினாரல்லர். காதல் எதுவாயினும் இளமை அனுபவத்தை மீட்டும் இயல்பினது என்றார். இந்நேர்மை மெச்சத்தக்கது.

இத்தெளிவுக்கு முன்னர் ஒரு தோல்வி நிகழ்ந்திருந்தது. 1900 ஒக்டோபரில், வியன்னாவில், செல்வந்த ஆலை முதலாளி ஒருவர் பதினெட்டு வயதை எட்டவிருந்த தமது மகளைப் பிராய்டிடம் ஒப்படைத்தார். ‘டோரா’ என அவர் பெயர் மாற்றி எழுதிய அப்பெண் ஈடா பௌவர். பின்னாளில் ஒஸ்ரிய மார்க்சியத்தின் தலையாய கோட்பாட்டாளராகிய ஒட்டோ பௌவரின் தங்கை. தந்தைக்குத் திருமதி கே. என்பவளோடு உறவிருந்தது. அவளுடைய கணவனோ சிறுமியாயிருந்த டோராவை அணுக முயன்றவன். தமது உறவுக்கு விலையாகத் தந்தை தன்னை அவனிடம் கைமாற்றிவிட்டார் என்பது அவள் குற்றச்சாட்டு. முறையான உடன்பாடு எதுவும் இல்லாவிடினும் அவளது கசப்புக்குக் காரணமுண்டெனப் பிராய்ட் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டும், அவளது வெறுப்பின் அடியில் அம்மனிதன்மீதான காதல் மறைந்திருப்பதாகவே விளக்கிச் சென்றார்.

டிசம்பர் 31இல் அவள் விடைபெற்றாள். இரு வாரங்களுக்கு முன்பே அம்முடிவை எடுத்திருந்தாள் என்றறிந்ததும், வேலைக்காரி கொடுக்கும் முன்னறிவித்தல் போன்றிருக்கின்றதே என்றார் பிராய்ட். ‘டோரா’ என்ற பெயருங்கூட அவரது சகோதரி வீட்டுப் பணிப்பெண்ணுடையது. எசமானியின் பெயரும் அவள் பெயரும் ஒன்றாயிருந்தமையால், தன் சொந்தப் பெயரையே இழந்து அப்பெயரைப் பெற்றவள் அவள்.

1905இல் வெளியிட்ட ஆய்வில், பெயர்ச்சியைத் தாம் காலத்தோடு கையாளத் தவறியதாகவும், கே.மீது தீர்க்க விரும்பிய பழியை அவள் தம்மீது தீர்த்ததாகவும் பிராய்ட் எழுதினார். இங்குதான் நாம் வேறுபடுகின்றோம். அவளைக் கொண்டுவந்தவர் தந்தை. அவளை வழிக்குக் கொண்டுவருமாறு வேண்டியவரும் அவரே. மருத்துவர் கூறிய விளக்கமோ அவ்விரு ஆண்களுக்கும் வசதியானது. ஆகவே அவளது ஐயம் பழைய உணர்ச்சியின் நிழல் மாத்திரமன்று. கண்முன் நின்ற உறவொன்றைச் சரிவர இனங்கண்டதுமாகும். நோயாளியின் சினம் அனைத்தும் பெயர்ச்சியே எனின், மருத்துவர் எக்காலத்தும் குற்றமற்றவராகிவிடுகின்றார்.

1902 ஏப்ரலில் அவள் மீண்டும் வந்தாள். இடையில் கே. தம்பதியரைத் தானே நேரிற் சந்தித்திருந்தாள். தந்தையுடனான உறவை மனைவி மறுக்கவில்லை. ஏரிக்கரையில் நடந்ததைக் கணவன் ஒப்புக்கொண்டான். இச்செய்தியைத் தந்தையிடமும் அவள் சேர்ப்பித்திருந்தாள். அவள் மெய்யாகவே உதவி நாடி வரவில்லையென முகத்தைப் பார்த்தே முடிவுசெய்த பிராய்ட், அவளை இன்னும் முழுமையாகக் குணப்படுத்தும் நிறைவைத் தமக்கு இல்லாமற் செய்தமைக்காக அவளை மன்னிப்பதாக வாக்களித்து அனுப்பிவைத்தார்.